விரல் நுனியிலிருந்தா, கணுக்காலிலிருந்தா? முதல் சாக்ஸ் பின்னப் போகிறவர்களுக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் போன் பண்ணி, "அக்கா, மப்ளர் பின்னி முடிச்சுட்டேன், அடுத்து சாக்ஸ் பின்னலாம்னு இருக்கேன், எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டாள். பேச்சுவாக்கில் கேட்டதுதான், ஆனால் சாக்ஸ் விஷயத்தில் முதல் கேள்வியே அதுதான். மேலே கணுக்கால் பக்கம் ஆரம்பித்து விரல் நுனியில் கொண்டுபோய் முடிக்கலாம். விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறியும் போகலாம். அது முடிவானதும் எந்த ஊசி, எந்தக் குதிகால், என்ன நூல் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். நான் எல்லா வகையிலும் பின்னிப் பார்த்துவிட்டு விரல் நுனி, ஒரே ஒரு நீளமான வட்ட ஊசி என்று நின்றுவிட்டேன். ஏன் என்று அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் கதை எங்கள் அத்தையின் காலில் தொடங்கியது. எங்கள் வீடு ஏற்காட்டில். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரியில் விடிகாலை சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியாது. அத்தைக்குக் காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் அஞ்சு மணிக்கே எழுந்து நடமாடியாக வேண்டும். கடையில் வாங்கிக் கொடுத்த சாக்ஸ் எல்லாம் மேலே எலாஸ்டிக் இறுக்கி, சாயங்காலம் கழற்றும்போது கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதோடு காலில் மெட்டி, கொலுசு இரண்டும் உண்டு. கொலுசு சேலத்து வேலைப்பாடு, முத்து முத்தாகத் தொங்குவது, அந்தக் கொக்கியில் சாக்ஸ் நூல் மாட்டி இழை இழையாக வெளியே வந்துவிடும். கழற்றி வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார். அதனால் அந்தக் காலுக்கென்றே ஒன்று பின்ன வேண்டியிருந்தது.

மேலிருந்து கீழே பின்னுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஐரோப்பிய முறையில் பழைய செய்முறைகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். ஆரம்பமும் சுலபம்: வளையமாக இத்தனை கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்று, ரிப் (இழுபடும் வரிப் பின்னல்) போடு, நேராக இறங்கு. ஸ்வெட்டரின் கைப்பகுதி பின்னிப் பழகியவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமே இருக்காது. மேல் விளிம்பும் நன்றாக இழுபடும், ஏனென்றால் கண்ணி ஏற்றும் விளிம்பை நெகிழ்வாக அமைப்பது கண்ணி மூடும் விளிம்பை நெகிழ்வாக அமைப்பதைவிடச் சுலபம். சிரமம் கடைசியில்தான் வரும். விரல் நுனியில் மிஞ்சி நிற்கும் இரண்டு வரிசைக் கண்ணிகளைத் தையல் ஊசியால் கிச்சனர் தையல் போட்டு இணைக்க வேண்டும், பழகும்வரை அந்தப் பத்து நிமிடம் யாரும் பக்கத்தில் பேசக் கூடாது.

அதைக்கூடக் கற்றுக்கொண்டுவிடலாம். என்னை மாற வைத்தது வேறு. மேலிருந்து ஆரம்பித்தால் எத்தனை கண்ணி என்று முதல் நிமிடத்திலேயே முடிவெடுத்துவிட வேண்டும், அது சரியா தப்பா என்பது கணுக்கால் பகுதி முழுக்க முடித்து, குதிகாலும் முடித்து, பாதத்துக்குள் வந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். தறியில் பாவு போட்டாகிவிட்டால் துணியின் அகலம் அதோடு முடிந்தது என்பார்களே, அது மாதிரி. அத்தைக்கு நான் பின்னிய முதல் சாக்ஸ் 72 கண்ணியில் ஆரம்பித்தது. பாதத்தில் வந்து தொளதொளவென்று நின்றது, அத்தனையையும் பிரித்தேன், மூன்று வாரச் சாயங்காலங்கள்.

விரல் நுனியிலிருந்து வந்தால் இந்த முடிவைக் காலே எடுக்கும். ஒவ்வொரு ஊசியிலும் 10 கண்ணி, மொத்தம் 20 கண்ணியில் ஆரம்பித்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று நாலு கண்ணி கூட்டிக்கொண்டே போகிறோம். 22 சுற்று போனால் 64 கண்ணி வந்துவிடும். அதை அப்படியே விரலில் மாட்டிப் பார்க்கலாம். இறுக்கமாக இருந்தால் இன்னும் நாலு கண்ணி, லொடலொடவென்று இருந்தால் நாலு கண்ணி முன்னாலேயே நிறுத்திக்கொள்ளலாம். கணக்கு தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு: பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 22 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், சாக்ஸ் காலைப் பிடித்து நிற்க அதில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் கிட்டத்தட்ட 20 செ.மீ., உங்கள் பின்னலில் 10 செ.மீட்டருக்கு 32 கண்ணி வருகிறது என்றால் 64. இறுக்கம் பார்க்கத் தனியாக மாதிரித் துண்டு பின்னச் சொல்வார்கள், ஆனால் சதுரமாகப் பின்னும் துண்டில் வருகிற இறுக்கமும் வளையமாகப் பின்னும்போது வருகிற இறுக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. விரல் பகுதியே ஒரு மாதிரித் துண்டு, கெட்டுப்போனால் ஒரு மணி நேர வேலைதான் போகும்.

இன்னொரு காரணம் நூல். நான் கேட்ட வரைக்கும் சேலத்துக் கடைகளில் உல்லன் என்று கொடுப்பதில் பெரும்பாலானவை அக்ரிலிக்தான். சாக்ஸுக்கென்று வரும் கம்பளி நைலான் கலவை கூரியரில்தான் வரவேண்டும், பாதியில் தீர்ந்து மறுபடி வரவழைத்தால் சாயம் ஒத்துப்போகாது. அதனால் 100 கிராம் உருண்டை வந்ததும் சமையலறைத் தராசில் வைத்து 50, 50 என்று இரண்டாகச் சுற்றிவைத்துவிடுவேன். விரல் நுனியில் ஆரம்பித்து நூல் இருக்கும் வரை மேலே ஏறு, தீரப்போகிறது என்றால் ரிப் போட்டு முடி. இரண்டாவதும் அதே அளவுக்கு வரும். மேலிருந்து இறங்கினால் விரலுக்கு நூல் மிஞ்சுமா என்று கடைசிவரை வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும்.

விரல் நுனியின் கஷ்டமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆரம்பிக்கும் முதல் இருபது நிமிடம் கை உதறும். இரண்டு ஊசி முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் கண்ணி ஏற்ற வேண்டும், அதுவும் நடுவில் தையல் கோடே தெரியாமல். இதற்கு இரண்டு வழி. ஒன்று துருக்கி முறை. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிற மாதிரி இரண்டு முனைகளையும் சேர்த்து நூலைப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, மேல் ஊசியில் பத்து, திருப்பிக் கீழ் ஊசியில் பத்து என்று பின்னுவது. புரிந்துகொள்ள எளிது, முதல் சுற்றில் கொஞ்சம் தளர்ந்து நிற்கும், பிறகு ஒவ்வொரு கண்ணியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று ஜூடி பெக்கர் என்பவர் 2006-இல் வெளியிட்ட முறை. நூலின் ஒரு பக்கத்தை மேல் ஊசியிலும் மறு பக்கத்தைக் கீழ் ஊசியிலும் மாற்றி மாற்றிச் சுற்றுவது. கை பழக நாலைந்து தடவை ஆகும். பழகினால் எது ஆரம்பம் என்று திருப்பிப் பார்த்தாலும் தெரியாது. மெட்டி போட்டிருக்கும் காலுக்கு இதைத்தான் சொல்வேன். கடைச் சாக்ஸில் விரலுக்கு மேலே ஓடும் அந்தத் தடித்த தையல் இருக்கிறதே, அது மெட்டியில் உரசி விரலில் அழுத்தும். இதில் தையலே கிடையாது, உள்பக்கமும் வழுவழுவென்று இருக்கும், மெட்டி மாட்ட ஒன்றுமே இல்லை.

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த ஆரம்பம் என்று நினைக்க வேண்டாம். எகிப்தில் தோண்டியெடுத்த ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் பழமையான சிவப்புக் கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் பின்னும் இரண்டு ஊசிப் பின்னல் வருவதற்கு முந்தைய வேலை, ஒரே ஊசியால் முடிச்சு முடிச்சாகப் போட்டது. அதையும் விரல் நுனியில் ஆரம்பித்து மேலே கொண்டுபோயிருக்கிறார்கள், அதுவும் கட்டைவிரல் தனியாக, மற்ற நாலு விரல் தனியாக. எதற்கு? செருப்பு போட. சாக்ஸ் போட்டுக்கொண்டு வார்ச் செருப்புக்குள் காலை நுழைக்கிற நமக்கு இதைவிட என்ன வேண்டும்? விரல் நுனியிலிருந்து பின்னும்போது கட்டைவிரலுக்கு ஒரு சின்னக் குழாய், மற்றவற்றுக்கு ஒரு பெரிய குழாய் எனத் தனித்தனியாகப் பின்னி, பாதத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போய்விடலாம். அத்தையின் இரண்டாவது ஜோடியை அப்படித்தான் பின்னினேன். தோட்டத்துக்குப் போகும்போது ரப்பர் செருப்போடு போட்டுக்கொண்டு போகிறார்.

இனி ஊசி. இங்கேதான் காசும் பொறுமையும் போகும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நம்மிடம் எல்லார் வீட்டிலும் இருப்பது நேர் ஊசி, பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் வாங்கிக் கொடுத்த போனி அலுமினிய ஊசி. அதில் சாக்ஸைத் தட்டையாகப் பின்னி ஓரம் தைக்கலாம்தான், ஆனால் பாதத்துக்கு அடியில் அந்தத் தையல் வருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அடுத்தது இருமுனை ஊசி, நாலு அல்லது ஐந்து சின்னக் குச்சிகள். பழைய முறை இதுதான். விலை குறைவு, வேலையும் சரியாக வரும். ஆனால் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது பின்னலாம் என்று எடுத்துப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவதோ ஒன்பதாவதோ வளைவில் ஒரு குச்சி கண்ணிகளை விட்டுவிட்டு நழுவிச் சீட்டுக்கு அடியில் உருண்டது, பதினாறு கண்ணி வாயைத் திறந்துகொண்டு நின்றது. பழைய பஸ் ஸ்டாண்ட் வந்துசேரும் வரை அந்தக் கண்ணிகளை விரலால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வட்ட ஊசி என்பது இரண்டு ஊசி முனைகளை ஒரு பிளாஸ்டிக் கேபிள் இணைப்பது. கண்ணி எங்கும் போகாது, தூக்கம் வந்தால் அப்படியே பையில் போடலாம். அதிலேயே மூன்று வழி. 23 செ.மீ. குட்டி வட்ட ஊசி ஒன்று வருகிறது. சாக்ஸின் சுற்றளவுக்கே செய்தது, நிற்காமல் சுற்றிச் சுற்றிப் போகலாம், பாதம் மட்டும் பின்ன அவ்வளவு வேகம். ஆனால் பிடி மிகச் சின்னது, எனக்கு அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் பக்கம் வலி எடுக்கும். அதைவிட முக்கியம், 20 கண்ணியில் ஆரம்பிக்கும் விரல் நுனியை அதில் பின்னவே முடியாது, இன்னொரு ஊசி வேண்டும். முதல் சாக்ஸுக்கு வாங்க வேண்டாம்.

இரண்டு வட்ட ஊசிகளை வைத்துப் பின்னுவது அடுத்தது. மேல்பாதத்துக் கண்ணிகள் ஒன்றில், உள்ளங்கால் கண்ணிகள் மற்றொன்றில், ஒவ்வொரு பாதியையும் அதனதன் ஊசியாலேயே பின்ன வேண்டும். எதையும் இழுத்துவிடும் வேலை இல்லை. ஆனால் நாலு முனை தொங்கும், தப்பான முனையை எடுத்துப் பின்னிவிட்டால் எல்லாக் கண்ணியும் ஒரே ஊசியில் வந்து நிற்கும். விலையும் இரட்டிப்பு. நீலம் ஒன்று பச்சை ஒன்று எனக் கேபிள் நிறம் வேறுவேறாக இருந்தால் குழப்பம் குறையும்.

மூன்றாவதுதான் என் கட்சி. ஒரே ஒரு நீள வட்ட ஊசி, 80 செ.மீ. அல்லது 100 செ.மீ., மேஜிக் லூப் என்பார்கள். சாரா ஹவுஷ்கா என்பவரின் உத்தி, 2002 வாக்கில்தான் பரவலாக வெளியே தெரிந்தது. அதனால்தான் கன்னியாஸ்திரீகளிடம் பின்னல் கற்ற என் அம்மா காலத்தவர்களுக்கு இது தெரியாது. கண்ணிகளைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவில் கேபிளை வெளியே இழுத்துவிட வேண்டும். முன் பாதி ஒரு முனையில் தயாராக இருக்கும், பின் பாதி கேபிளில் ஓய்வெடுக்கும். முன் பாதியைப் பின்னி முடித்ததும் திருப்பி, கேபிளை இழுத்து, மறு பாதியை முனைக்குக் கொண்டுவந்து பின்ன வேண்டும். கேபிள் வெளியே வந்து திரும்புகிற இடம் நம் மலைப்பாதை வளைவு மாதிரியே இருக்கும். கேபிள் விறைப்பாக இருந்தால் அந்த வளைவில் இரண்டு பக்கக் கண்ணிகளையும் பிளந்துவிடும், சாக்ஸின் ஓரத்தில் ஏணி மாதிரி இடைவெளி விழும். அதற்கு இரண்டு மருந்து. புது ஊசியின் கேபிளை ஒரு நிமிடம் சுடுதண்ணீரில் முக்கி நேராக இழுத்துப் பிடித்தால் சுருள் போய்விடும். பின்னும்போது ஒவ்வொரு பாதியிலும் முதல் கண்ணியைவிட இரண்டாவது கண்ணியைப் பின்னியதும் நூலை நன்றாக இழுங்கள், அப்போதுதான் முதல் கண்ணி இறுகும். எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் ஒரு ஜோடி முழுக்க ஏணியோடு போனது.

ஒரே ஊசியில் விரல் நுனி, பாதம், குதிகால், கால் எல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் இதன் பலம். தடிமன் 2.25 அல்லது 2.5 மி.மீ. கை இறுக்கமாகப் பின்னுபவர்கள் 2.5 எடுங்கள். மரமா உலோகமா என்றால், இந்தத் தடிமனில் மர முனை ஒடியக்கூடும், சேலத்து மே மாதத்தில் கை வேர்த்து நூல் மரத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. உலோகம் எடுங்கள். நிட்ப்ரோ நம் நாட்டு நிறுவனம்தான், நான் வைத்திருப்பது அவர்களுடையது.

குதிகாலுக்கு மூன்று தேர்வு. பழைய நூலை ஒரு வரிசை பின்னிவைத்துவிட்டு நேராக மேலே போய், பிறகு அந்த நூலை உருவிக் குதிகாலைத் தனியாகப் பின்னுவது ஒன்று. குதிகால் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் போடலாம் என்பது பெரிய வசதி, ஆனால் போட்டுப் பார்த்துக்கொண்டே போகிற சந்தோஷம் இதில் இல்லை. இரண்டாவது குட்டை வரிசைக் குதிகால். பாதத்தின் நீளத்தில் 4, 5 செ.மீ. பாக்கி இருக்கும்போது, பாதிக் கண்ணிகளில் மட்டும் முன்னும் பின்னும் போய், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணியை விட்டுவிட்டுத் திரும்பி, நடுவில் பத்துப் பன்னிரண்டு கண்ணி மிஞ்சும்போது மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வருவது. கிண்ணம் மாதிரிக் குழிந்து வரும்போது, முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது. மூலையில் ஓட்டை விழும், அங்கே ஒரு கண்ணியைக் கூடுதலாக எடுத்துப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் அடைந்துவிடும். முதல் ஜோடிக்கு இதுதான்.

ஆனால் மேல்பாதம் உயர்ந்த கால்களுக்கும், அத்தை மாதிரிக் கொஞ்சம் வீங்கும் கால்களுக்கும் குட்டை வரிசைக் குதிகால் பத்தாது, மடியும் இடத்தில் பிடித்து இழுக்கும். அவர்களுக்கு மூன்றாவது: குதிகாலுக்கு 7, 8 செ.மீ. முன்னாலிருந்தே இரண்டு பக்கமும் கண்ணி கூட்டிப் பக்கத்தில் முக்கோணமாக அகலப்படுத்திக்கொண்டு வந்து, குதிகாலைத் தடித்த பட்டையாகப் பின்னுவது. விரல் நுனியிலிருந்து வரும்போது இதை எங்கே ஆரம்பிப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும், மேலிருந்து வந்தால் அந்தக் கணக்கே வேண்டாம். இந்த ஒரு இடத்தில் மேலிருந்து பின்னுகிறவர்கள் சொல்வதுதான் சரி.

நூல் பற்றிச் சுருக்கமாக. சுத்தப் பருத்தி கழுத்து கழன்று செருப்புக்குள் சுருண்டுவிடும், இழுவையே கிடையாது. அக்ரிலிக் பழகுவதற்கு நல்லது, வர்தமான் உருண்டை ஒன்றில் ஒரு விரல் பகுதியும் ஒரு குதிகாலும் பின்னிப் பழகிவிட்டு உருவிவிடுங்கள். போட்டு நடக்க 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான், 100 கிராமுக்கு 400 மீட்டர் வருகிற மெல்லிய நூல். சேலத்து வெயிலில் யார் போடுவார்கள் என்று சித்தி மகள் கேட்டாள். ஏசி ஆபீசில் எட்டு மணி நேரம் உட்கார்கிறவள்தான் அவள், கால் விறைக்கிறது என்று அவளே சொன்னதுதான். கம்பளியைச் சுடுதண்ணீரில் மட்டும் ஊறப்போட்டுக் கசக்காதீர்கள். இங்கே வெந்நீர் அடுப்பு எப்போதும் எரிவதால் பழக்க தோஷத்தில் நான் அதில் அலசி, சாக்ஸ் குழந்தை அளவுக்குச் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிட்டது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று போட்டிருக்கும் நூலாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பயம் குறைவு.

கடைசியில் மேல் விளிம்பு. சாதாரணமாகக் கண்ணி மூடினால் குதிகால் உள்ளே நுழையாது, நுழைந்தாலும் கடை எலாஸ்டிக் செய்த அதே பள்ளம் விழும். 3.5 மி.மீ. ஊசியை எடுத்துத் தளர்வாக மூடுவது எளிய வழி. ஜெனி ஸ்டைமன் என்பவர் 2009-இல் வெளியிட்ட முறை ஒன்றும் உண்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் ஊசியில் ஒரு நூல் சுற்று போட்டுக்கொண்டு மூடுவது, ரப்பர் மாதிரி விரியும். அத்தைக்கு அதைத்தான் போட்டேன். அவர் கணுக்காலில் இப்போது கோடு விழுவதில்லை. கொலுசுக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். காலில் மாட்டிப் பார்த்து அந்த இடத்தைக் கையால் காட்ட முடிந்ததே, மேலிருந்து இறங்கியிருந்தால் அது எப்படி முடியும்?

சித்தி மகள் 80 செ.மீ. உலோக வட்ட ஊசி, துருக்கி முறை ஆரம்பம், குட்டை வரிசைக் குதிகால் என்று எடுத்துக்கொண்டாள். நேற்று ராத்திரி படம் அனுப்பியிருந்தாள், குதிகால் திரும்பிவிட்டது, ஒரு மூலையில் சின்ன ஓட்டை, நூல் உருண்டையில் இன்னும் 22 கிராம் பாக்கி. கொலுசுக்குக் கீழே நிறுத்துவதா, மேலே ஏறி மூடுவதா என்று கேட்டிருக்கிறாள். கொலுசைப் போட்டுக்கொண்டு இன்னொரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.